குறைதீர் கற்பித்தலின் பயனை மதிப்பிடல் (கேரளம்)

எழுத்தும் எண்ணும் கைவராமல் பின்தங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் குறைதீர் வகுப்புகள் உண்மையில் பயன் தந்தனவா என்று அளந்தறியும் முறை. கேரளத்தில் இவ்வகுப்புகளுக்கான திட்டங்கள் திருவனந்தபுரத்தில் உருவாகின்றன. பாடத்திட்டம் வகுக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி பயிற்சி மன்றம் அந்நகரின் பூஜப்புரையில் இருக்கிறது. தாய்மொழி வாசிப்புக்கு 'மலையாளத்திளக்கம்', கணக்குக்கு 'கணித விஜயம்', 2017-18இல் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு 'ஸ்ரத்தா' எனப் பல திட்டங்கள் வந்தன.

முன்தேர்வு, சில நாள் பயிற்சி, பின்தேர்வு என்பது வழக்கமான நடைமுறை. மதிப்பெண் ஏறினால் திட்டம் வென்றதாகக் கொள்வார்கள். இந்தக் கணக்கை நம்ப முடியாது. மிகக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் பொறுக்கும்போது, அன்று காய்ச்சலோடு எழுதியவர்களும் பயந்து விடை மறந்தவர்களும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். வகுப்பே நடத்தாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் மதிப்பெண் ஏறும். கற்பித்தவரே வினாத்தாள் எழுதித் திருத்தினால் ஐயம் இன்னும் கூடும். அதே நிலையில் இருந்து பயிற்சி பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் திட்டத்தின் பங்கு தெரியும்.

இதற்கு இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்னும் தொண்டு அமைப்பு நடத்திய 'பால்சகி' திட்டத்தில், உள்ளூர்ப் பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியே அமர்த்திக் கற்பித்தனர். எந்தப் பள்ளிக்கு, எந்த வகுப்புக்குப் பால்சகி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பெண் முன்னேற்றம் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு). திட்டம் நின்று ஓராண்டு கழித்து அளந்தபோது அது ஏறத்தாழ 0.1 ஆகச் சுருங்கியிருந்தது. கடைசி வகுப்பன்றே அளந்து முடிக்கும் திட்டங்களின் கண்ணில் இந்தத் தேய்வு படுவதே இல்லை.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் கற்பித்தல் திட்டத்தையும், பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அம்மீட்சியில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கே இத்திட்டம் காரணம் என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் கணித்தனர். முன்தேர்வையும் பின்தேர்வையும் மட்டும் பார்த்திருந்தால் முழுப் பெருமையும் திட்டத்துக்கே போயிருக்கும்.

கேரளத்துக்கு அரிய வாய்ப்பொன்று இப்போது அமைந்துள்ளது. 2024-25 முதல் 8ஆம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத்தேர்வில் 30 விழுக்காடு பெற வேண்டும். பெறாதவர்களுக்கு 2025 ஏப்ரலில் கூடுதல் வகுப்புகளும் மறுதேர்வும் நடந்தன. 29 பெற்ற பிள்ளைக்கும் 31 பெற்ற பிள்ளைக்கும் திறனில் பெரிய வேறுபாடு இராது. ஒருவர் கூடுதல் வகுப்புக்கு வந்தார், மற்றவர் வரவில்லை. 30 விழுக்காட்டுக் கோட்டின் இருபுறமும் உள்ள இவர்களை 9ஆம் வகுப்பிலும் தொடர்ந்து அளந்தால், புதிய செலவின்றியே நம்பகமான விடை கிடைக்கும்.

இந்த மதிப்பீட்டில், திருவனந்தபுரத்தின் சாலை என்னும் பகுதியில் உள்ளதுபோன்ற தமிழ்வழிப் பள்ளிகளைத் தனியே கணக்கிட வேண்டும். மலையாளத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளை அதில் குறைவாக எடுப்பதையும், தாய்மொழியில் வாசிக்கத் திணறுவதையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், தேவையில்லாத பிள்ளைக்குப் பயிற்சி போகும். தமிழில் வாசிக்கத் தெரியாத பிள்ளை விடுபட்டுப்போகும்.