ஏதென்ஸ் பேரவையின் இரண்டாம் நாள்

ஒருமுறை எடுத்த முடிவை மறுநாள் மாற்றுவது அரசுக்கு இழுக்காகுமா? அயலுறவும் நாட்டின் காவலும் பற்றி வாதங்கள் எழும்போதெல்லாம் இவ்வினாவும் உடன் எழுகின்றது. கி.மு. 427இல் ஏதென்ஸ் நகரப் பேரவை இதற்கு விடை கண்ட வரலாற்றைத் தூசிடிடீஸ் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

முதல் நாள் முடிவு

ஸ்பார்ட்டாவோடு ஏதென்ஸ் பொருத போர் கி.மு. 431இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளின் பின், லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீனி நகரம் ஏதென்ஸின் கூட்டணியை விட்டு விலகிக் கிளர்ந்தது. முற்றுகையால் உணவு அற்றுப்போகவே மறு ஆண்டில் பணிந்தது. சினம் மூண்ட பேரவை, அந்நகரின் ஆடவர் அனைவரையும் கொல்லவும் பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் முடிவு செய்தது. படைத்தலைவர் பாக்கீஸுக்கு ஆணை சுமந்து ஒரு கலம் புறப்பட்டது.

மறுநாள் மக்கள் மனம் மாறினர். குற்றவாளிகளோடு ஊரையே அழிப்பது கொடிது என்னும் எண்ணம் பரவிற்று. பேரவை மீண்டும் கூடியது.

இருவர் வாதம்

முந்தைய நாள் தீர்மானத்தைக் கொணர்ந்த கிளியோன், முடிவுகளை மாற்றிக்கொண்டேயிருக்கும் மக்களாட்சியால் பிறரை ஆள இயலாது என்றார். இரக்கம் பேரரசுக்குப் பகை என்றார். எதிர்த்தெழுந்தவர் டயோடோட்டஸ். அவசரமும் சினமுமே நல்ல முடிவுக்குத் தடைகள் என்பது அவர் கருத்து. அவர் இரக்கத்தைக் காட்டி வாதிடவில்லை. ஏதென்ஸின் நலத்தையே காட்டினார். பணிந்தாலும் சாவு உறுதி என்றால், இனிக் கிளரும் நகரம் எதுவும் இறுதிவரை பணியாது. குற்றமற்ற பொதுமக்களைக் கொன்றால் பிற நகரங்களின் பொதுமக்களும் பகைவராவர் என்றார். கைகள் ஏறத்தாழச் சமமாகவே உயர்ந்தன, டயோடோட்டஸ் வென்றார்.

இரண்டாம் கலம்

முதற் கலம் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றிருந்தது. இரண்டாம் கலத்தின் துடுப்பாளர், மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்தபடியே உண்டனர்; முறைவைத்து உறங்கினர். பாக்கீஸ் முதல் ஆணையைப் படித்து நிறைவேற்ற முனைந்த வேளையில் அக்கலம் கரை சேர்ந்தது. ஊர் பிழைத்தது. எனினும் கிளர்ச்சிக்குக் காரணரெனக் கருதப்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்தொகை ஆயிரத்திற்கும் மேல் என்பர்.

மீலோஸும் அதன் பின்னும்

நலத்தை அளந்து பெற்ற இரக்கம் நெடுநாள் நிற்கவில்லை. முதலில் எப்பக்கமும் சேராதிருந்த மீலோஸ் தீவைக் கி.மு. 416இல் ஏதென்ஸ் முற்றுகையிட்டது. பணிந்தபின் ஆடவரைக் கொன்றது. ஏனையோரை அடிமைகளாக விற்றது. அவர்களைக் காக்க இரண்டாம் கலம் எதுவும் செல்லவில்லை. கி.மு. 405இல் தம் கடற்படை அழிந்த செய்தி வந்த இரவில், மீலோஸுக்குத் தாம் செய்தது தமக்கும் நேருமோ என அஞ்சி ஏதென்ஸ் மக்கள் உறங்கவில்லை எனச் செனபோன் எழுதுகிறார்.

ஏதென்ஸின் பெருமை முதல் நாள் முடிவில் இல்லை. இரண்டாம் நாளும் கூடிப் பேசியதில் இருக்கின்றது.