எண்ணூர்க் கழிமுகப் பறவைகளை இனங்காணல்

எண்ணூர்க் கழிமுகம் என்பது சென்னைக்கு வடக்கே, கொசத்தலை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கும் உவர்நீர்ப் பகுதி ஆகும். பக்கிங்காம் கால்வாய் இதனை வடக்கில் உள்ள பழவேற்காடு ஏரியுடன் இணைக்கிறது. சேற்றுத் திட்டுகளும் அலையாத்திச் செடிகளும் எஞ்சிய உப்பளங்களும் ஒரு பக்கம் இருக்க, அவற்றை ஒட்டியே அனல் மின்நிலையங்களும் காமராசர் துறைமுகமும் அமைந்துள்ளன. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் இங்கு இரை தேடுகின்றன. இப்பகுதியில் அறிமுகமில்லாத பறவையொன்றை அடையாளம் காண, நிறத்தைக் காட்டிலும் உருவம், அலகு, இரை தேடும் முறை, பறக்கும்போது வெளிப்படும் இறகுக் குறிகள் ஆகியவையே நம்பத்தக்கவை.

நிறத்தை நம்ப இயலாமை

வலசைப் பறவைகள் பல இனப்பெருக்க காலத்து வண்ணங்களை இழந்து, சாம்பலும் பழுப்புமான குளிர்கால இறகுகளுடன் இங்கு காணப்படுகின்றன. கையேட்டில் செந்நிற மார்புடன் வரையப்பட்ட பறவை சேற்றில் நிறமற்றதாகத் தோன்றுவது இதனாலேயே. மார்ச், ஏப்ரல் மாதங்களில், திரும்பிச் செல்லும் முன்னர், அவ்வண்ணங்கள் சிறிது சிறிதாக மீள்கின்றன.

இது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். எண்ணூருக்கு மட்டும் உரிய காரணங்களும் உண்டு. மின்நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து கழிமுகத்தில் படிந்துள்ளது. சாம்பல் கலந்த சேறு ஒட்டிய காலின் உண்மையான நிறம் தெரிவதில்லை. 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையில் படிந்தது. 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்துடன் மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்தை அடைந்தபோது, கூழைக்கடாக்கள் கரிய எண்ணெய் பூசிய உடலுடன் காணப்பட்டன. அத்தகைய பறவையை வேறோர் இனமென்று குறிப்பது எளிதில் நேரக்கூடிய பிழை. பை போன்ற தொண்டையும் நீண்ட அலகும் எண்ணெயால் மாறுவதில்லை. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்கும் தன்மையை இழக்கிறது. பறவை அதனைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் செல்கிறது. ஆகவே இத்தகைய பறவையைக் கண்டால், அதன் இனத்தை உறுதிசெய்வதற்கு முன்பே வனத்துறைக்குத் தெரிவிப்பது முறையாகும்.

ஒளியும் ஓதமும்

கடல் கிழக்கே இருப்பதால், காலையில் கடலை நோக்கி நிற்பவருக்குப் பறவைகள் வெறும் நிழலுருவங்களாகவே தெரியும். திருவொற்றியூர்க் கடற்கரையின் கற்சுவர்களையும் தூண்டில் வளைவுகளையும் மாலையில் பார்ப்பது நன்று. கழிமுகத்தில் காலை வேளையில் கடற்பக்கக் கரையில் நின்று மேற்கு நோக்கலாம். நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு, பறவைகள் பரவி மேயும். நீர் ஏறும்போது அவை ஒரே திட்டில் நெருங்கி நிற்பதால் அளவுகளை ஒப்பிட முடியும்.

கரைப்பறவைகள்

முதலில் அளவு. ஏறத்தாழ 13 செ.மீ. நீளமுள்ள கொசு உள்ளான் சிட்டுக்குருவியை ஒத்தது. பவளக்காலி ஏறத்தாழ 28 செ.மீ. இவ்விரண்டையும் நன்கு பழகிக்கொண்டால், புதிய பறவையை இவற்றோடு ஒப்பிட்டுக் கூறலாம்.

அடுத்தது இரை தேடும் முறை. உப்புக்கொத்திகள் ஓடி, நின்று, ஒரே கொத்தில் இரையெடுக்கும். இவற்றின் அலகு குட்டையானது, கண் பெரியது. உள்ளான்கள் நடந்துகொண்டே சேற்றைத் துழாவும். தொலைவில் நிறமே தெரியாதபோதும் இவ்வேறுபாடு தெரியும்.

உப்புக்கொத்திகளுள் கெண்டிசு உப்புக்கொத்திக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை உண்டு. மங்கோலிய உப்புக்கொத்திக்கு அது இல்லை. முதல் இரண்டில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருப்பது பட்டாணி உப்புக்கொத்தி. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் அது கெண்டிசு.

பவளக்காலியையும் பச்சைக்காலியையும் கால் நிறத்தால் பிரிப்பதே வழக்கம். பெயர்களும் அதையே சொல்கின்றன. கால் சேற்றில் புதைந்திருந்தால் பறக்கும் வரை காத்திருக்க வேண்டும். பவளக்காலியின் இறக்கைப் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை விரியும். பச்சைக்காலியின் இறக்கை முழுதும் கருமையாக இருக்கும். வெண்மை முதுகில் ஆப்பு வடிவில் மேலேறும். பச்சைக்காலியின் அலகு சற்று மேல்நோக்கி வளைந்தது; அதன் குரல் பெரும்பாலும் மூன்று உரத்த ஒலிகளாகக் கேட்கும். கற்களின் மீது தனியே நின்று ஓயாமல் வாலை ஆட்டும் சிறு பறவை சாதாரண உள்ளானாக இருக்கலாம். அதன் தோள்பட்டைக்கு முன் வெண்மை மேலேறியிருப்பதைக் கண்டு உறுதிசெய்யலாம்.

காசிமேட்டில்

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பருந்துகள் மிகுதி. வளர்ந்த செம்பருந்தின் வெண்தலையை எவரும் அறிவர். அதன் இளம் பறவை பழுப்பாக இருப்பதால் கள்ளப்பருந்தென்று கருதப்படுகிறது. வாலைப் பார்த்தால் போதும்: செம்பருந்தின் வால்நுனி வட்டமானது, கள்ளப்பருந்தினுடையது பிளவுபட்டது. கடற்காகங்களுள் பழுப்புத்தலையும் கருந்தலையும் குளிர்காலத்தில் தலை நிறத்தை இழப்பதால் பெயர் பயன்படாது. கருந்தலைக் கடற்காகத்தின் வெளியிறக்கை முன்விளிம்பு வெள்ளையாகவும், பழுப்புத்தலையின் இறக்கை நுனி அகன்ற கருமையாகவும் இருக்கும். துறைமுக எல்லைக்குள் படம் எடுக்கவும் தொலைநோக்கி பயன்படுத்தவும் முன் அனுமதி பெறுவது நன்று.

பெயர்களும் பதிவுகளும்

தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. நெடுங்கால் உள்ளானைச் சில நூல்கள் பவளக்கால் உள்ளான் என்பதால், அது பவளக்காலியுடன் குழம்புகிறது. ஆதலால் பதிவில் அறிவியற் பெயரையும் சேர்த்தெழுதுவது வழக்கம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதலும், தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதலும் நடைபெறுகின்றன. ஈபேர்ட் தளத்தில் இனம் தெளிவாகாத பறவையை 'உள்ளான் வகை' என்பதுபோல் குழு அளவில் பதியலாம். கழிமுகத்தின் நிலை குறித்த வழக்குகளிலும் ஆய்வுகளிலும் பறவைப் பட்டியல்கள் எடுத்துக்காட்டப்படுவதால், ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட இத்தகைய பதிவே பயனுடையது.