மெழுகுப் பையைச் சுமக்கும் இரண்டு பூச்சிகள்

செதில் பூச்சி என்றாலே கிளையில் ஒட்டிக்கொண்டு, கால் மறந்து, ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும் உயிர் என்றே நினைக்கிறோம். ஆர்த்தீசிடே குடும்பம் அந்த எண்ணத்துக்கு அடங்காது. இதன் பெண்பூச்சி வளர்ந்த பிறகும் கால்களால் நடக்கிறது. உடலின் பின்புறம் வெண்மெழுகால் நீண்ட முட்டைப் பையைக் கட்டி, அதை இழுத்துக்கொண்டே செடியில் ஏறி இறங்குகிறது. கொடி ஏந்திச் செல்வதுபோல் தெரிவதால் கொடிச் செதில் பூச்சி என்று பெயர் வந்தது. முட்டைகள் பைக்குள்ளேயே பொரிகின்றன. குஞ்சுகளும் சிறிது காலம் அதற்குள் தங்கியே வெளிவருகின்றன.

இந்தக் குடும்பத்தில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று ஐரோப்பாவின் ஆர்த்தீசியா அர்டிகே. உடலில் பட்டால் அரிக்கும் நெட்டில் செடியில் வாழ்வது. மற்றொன்று வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிய இன்சிக்னார்த்தீசியா இன்சிக்னிஸ். நம் மலைகளில் உண்ணிச்செடியில் காணப்படுவது.

முன்னதை 1758இல் லின்னேயஸ் அசுவினிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார். நடமாடும் கால்களோடு சாறு உறிஞ்சும் பூச்சியை அன்று அப்படிப் பார்த்ததில் வியப்பில்லை. 1784இல் பாஸ்க் என்ற பிரெஞ்சு இயற்கையாளர்தான் ஆர்த்தீசியா என்ற பேரினத்தை அமைத்தார். பின்னதன் கதை வேறு. அதன் தாயகம் அமெரிக்கா. அறிவியலுக்கு அறிமுகமானதோ, 1887இல், லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி வீட்டில். பிரவுன் என்பவர் அதற்கும் ஆர்த்தீசியா என்றே பெயரிட்டார். நூறாண்டுக்கும் மேலாக இரண்டும் ஒரே பேரினத்தில் இருந்தன. 2004இல் ஹங்கேரியின் ஃபெரென்ஸ் கோசார் உலக ஆர்த்தீசிடே நூலில் இரண்டாவதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்.

பிரித்தது சரி என்பதற்கு முதுகைப் பார்த்தாலே போதும் என்பேன். அர்டிகேயின் உடலை வெள்ளைத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் மூடியிருக்கும். இன்சிக்னிஸின் முதுகு நடுவில் இரண்டு மெல்லிய மெழுகு வரிசைகள் மட்டும் ஓடும். இருபுறமும் கரும்பச்சை உடல் வெளித்தெரியும். உருவத்திலும் அது சிறியது, பையில்லாமல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே.

ஆனால் வாழ்க்கையை மாற்றியது முதுகு அல்ல, இனப்பெருக்கம். அர்டிகேயில் சிறகுள்ள, வால்போல் மெழுகிழைகள் தொங்கும் ஆண்கள் உண்டு. இன்சிக்னிஸில் ஆண் அரிது; பெண் தனியே கருவுறாமலே பெருகுகிறது. ஒரு தொட்டிச் செடியில் ஒரே ஒரு பெண் பயணம் செய்தாலும் ஒரு கண்டத்துக்குப் போதும். இப்படித்தான் அது ஆப்பிரிக்காவுக்கும் ஹவாய்க்கும் இலங்கைக்கும் நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது. ஹவாயில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் உண்ணிச்செடியை ஒழிக்கும் என்று நம்பி அதைக் கையாலேயே பரப்பினார்கள். அது உண்ணியோடு நிற்கும் பூச்சியல்ல. ஜகரண்டாவிலும் பிற செடிகளிலும் ஏறும்.

இந்தப் பூச்சியின் வரவுக்கு அதிக விலை கொடுத்தது செயின்ட் ஹெலினா தீவு. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத கம்வுட் மரங்கள் 1990களின் தொடக்கத்தில் சாயத் தொடங்கின. சாறு உறிஞ்சப்பட்டது ஒருபுறம்; பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீரில் கரும்பூஞ்சை படர்ந்து இலைகளை மூடியது மறுபுறம். 1993இல் கென்யாவிலிருந்து ஹைப்பராஸ்பிஸ் பாந்தெரினா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். அது முட்டையைப் பெண்பூச்சியின் மேலேயே வைக்கும். பொரிந்த புழு நேரே முட்டைப் பைக்குள் புகுந்து உள்ளே இருப்பவற்றைத் தின்னும். பிறகு தாயையும் விடாது. சில ஆண்டுகளில் பூச்சியின் தொகை சரிந்தது, மரங்கள் தப்பின. பாதுகாப்புக்காகக் கட்டிய பைதான் வண்டுக்கு வாசலாயிற்று.

நெட்டில் செடியில் அர்டிகேக்கு இத்தகைய அவப்பெயர் எதுவும் இல்லை. யாரும் அதைக் கப்பலில் ஏற்றவில்லை.