கொலாஜன் படலம்

தீக்காயத்தின் மேல் போர்த்தும், விலங்குப் புரதத்தாலான மெல்லிய மருத்துவப் படலம். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகளுக்குக் கொலாஜன் பழைய சரக்கு: ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் பதமாவது, துவர்ப்புப் பொருளோ குரோமியமோ அவற்றின் கொலாஜன் இழைகளைப் பிணைப்பதால்தான். 1948இல் நிறுவப்பட்ட சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே புரதத்தைத் தூய்மைப்படுத்திக் காயத்துக்கான படலமாக்கியது.

கொப்புளம் கண்ட மேலோட்டமான காயத்தைச் சுத்தம் செய்து ஒட்டினால் நீரிழப்பு குறையும், வலி தணியும். நாள்தோறும் கட்டுப் பிரிக்கும் வேதனை இல்லை. வெந்நீர் கொட்டிய குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது? புதுத்தோல் வளர்ந்ததும் படலம் காய்ந்து தானே உரியும். சீழ்ப்புண்ணில் ஒட்டலாகாது. தோல் முழு ஆழத்துக்கும் வெந்திருந்தால் தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சையே வழி.