ஹீட்டர் சொன்ன சேதி

இந்த முறை பாலன்ஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு பானெட்டைத் திறக்கிறேன்.

போன டிசம்பரில் மாமாவின் பழைய காரில் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். குளிர் தாங்காமல் ஹீட்டரைப் போட்டால் ஜில்லென்று காற்று வருகிறது. "மெட்ராஸ் வண்டிக்கு எதுக்குடா ஹீட்டர்" என்று மாமா சிரித்தார். திரும்பி வந்து யானைக்கவுனி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி! மெக்கானிக் பார்த்துவிட்டு, "தம்பி, ஹீட்டர் அன்னைக்கே சொல்லியிருக்கு, நீங்கதான் கேக்கல" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1886-ல் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, மகன்கள் இருவருடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அதை ஓட்டிப் போனபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இதற்கு நல்ல தீர்வு தந்தவர் வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் பந்தயங்களில் வென்று பேர் வாங்கிய மெர்சிடிஸ் 35 காரில், 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கி ரேடியேட்டர் அமைத்தார். கொஞ்சம் தண்ணீரே சுற்றிச் சுற்றி வந்து, காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியது.

குளிர் நாட்டுக்காரர்கள் அந்தச் சூட்டை வீணாக்கவில்லை. என்ஜினின் வெந்நீரை டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பினார்கள். அதுதான் ஹீட்டர். பல வண்டிகளில் அது உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் குறைந்தாலோ காற்று அடைத்துக்கொண்டாலோ முதலில் காய்வது அதுதான். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், உள்ளே துரு அடைத்தாலும் சூடு குறையும். எங்கள் காரில் வாட்டர் பம்ப் கசிவு. ஹைவேயில் எதிர்காற்று காப்பாற்றியது; யானைக்கவுனியில் ஏது காற்று?

நம் வட சென்னைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரிகளாலும் பஸ்களாலும் பேர் வாங்கியது. அதே 1955-ல் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா வந்தது. எண்ணூர் லாரிக்குத் தண்ணீர், திருவொற்றியூர் புல்லட்டுக்கு வெறும் காற்று. சூட்டை விரட்ட இரண்டு வழிகள், ஒரே ரோட்டில்!

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. நம் ஊர் லாரி, பஸ்களில் என்ஜின் பெரும்பாலும் டிரைவருக்குப் பக்கத்திலோ காலடியிலோதான். தனியாக ஹீட்டரே தேவையில்லை! ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும்போது, கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில்தான் அறிவித்தது. அதுவும் புது வண்டிகளுக்கு மட்டும். பழைய லாரி பழையபடிதான்.

என்ஜினைக் குளிர வைக்க 1901-லேயே வழி கண்டுபிடித்தாயிற்று. ஓட்டுகிறவரைக் குளிர வைக்க இவ்வளவு காலம். பி.காம். மாணவனாக எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: கணக்குப் புத்தகத்தில் என்ஜின் சொத்து, டிரைவர் செலவு. சொத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம், இல்லையா?

கடைசியாக ஒன்று. வண்டி கொதித்தால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் முகத்தில் அடிக்கும். ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, நன்றாக ஆற விடுங்கள். முள் மேலே ஏற ஆரம்பிக்கும்போதே, ஹீட்டர் இருந்தால் முழுசாகப் போடுங்கள். என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். வியர்த்து ஊற்றும்தான். லாரி டிரைவர் தினமும் படுவதில் பத்து நிமிஷம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.