முகமறியாமையும் ஆட்டிசமும்

கண் நன்றாகத் தெரிந்தும், எதிரே நிற்பவரின் முகத்தைக் கொண்டு அவர் இன்னார் என்று அறிய இயலாத நிலை முகமறியாமை எனப்படும். மருத்துவ நூல்களில் இதன் பெயர் புரோசோபக்னோசியா. கிரேக்க மொழியில் முகத்தைக் குறிக்கும் சொல்லையும் அறியாமையைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து, 1947-இல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். தலையில் குண்டடி பட்ட ஓர் இளைஞரை அவர் ஆராய்ந்திருந்தார். உற்றார் உறவினர் முகம் மட்டுமன்றி, கண்ணாடியில் தெரிந்த சொந்த முகமே அந்த இளைஞருக்குப் பிடிபடவில்லை. குரல் கேட்டால், நடை பார்த்தால் ஆள் தெரிந்துவிடும்.

அடிபட்டோ பக்கவாதத்தாலோ பிற்காலத்தில் வருவது ஒரு வகை. மூளையின் பின்கீழ்ப் பகுதி, குறிப்பாக வலப்பக்கம், பாதிக்கப்படும்போது இது நேர்கிறது. எந்த அடியும் படாமல் பிறவியிலிருந்தே இருப்பது மற்றொரு வகை. ஜெர்மனியில் மாணவர்களிடையே நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 2 முதல் 3 பேருக்கு இந்த இரண்டாம் வகை இருக்கலாம் என்றது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. பலர் நடுவயது வரை இதை உணர்வதே இல்லை. அடுத்தவர் எப்படிப் பார்க்கிறார் என்று அறிந்து ஒப்பிட ஏது வழி? கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுப் பழகிய ஜேன் குடால், மனித முகங்கள் தமக்குப் பிடிபடுவதில்லை என்று எழுதியிருக்கிறார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ், இந்நிலை உள்ள ஓர் இசை ஆசிரியரின் கதையைத் தலைப்பாகக் கொண்ட நூலை 1985-இல் எழுதிப் புகழ்பெற்றவர். தமக்கும் அதே நிலை உண்டு என்பதை 2010-இல்தான் விரிவாக எழுதினார். எதிரே வந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டபின், அது கண்ணாடி என்று உணர்ந்ததையும் அதில் சொல்லியிருக்கிறார்.

ஆட்டிசத்தோடு உள்ள தொடர்பு

மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து ஆட்டிசம் மருத்துவ உலகில் தனிப் பெயர் பெற்றது. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க மனநல வரையறை நூலின் ஐந்தாம் பதிப்பு (2013) ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைச் சொல்லும்போது முகமறியாமையைச் சேர்க்கவில்லை. ஆகவே முகம் மறக்கும் எல்லோருக்கும் ஆட்டிசம் என்றோ, ஆட்டிசம் உள்ள எல்லோரும் முகம் மறப்பவர்கள் என்றோ கொள்ளக்கூடாது. ஆனாலும் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது பொதுமக்களிடையே உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிச நிலையாளர்களைச் சோதித்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் முகமறியாமை என்று சொல்லத்தக்க அளவில் இருந்தனர்.

இந்தத் துறையின் பழைய ஆய்வுகளில் மிகவும் சுவையானது 1978-இல் டிம் லாங்டெல் செய்தது. அதன் பின்னணி இது: படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வீடு, விமானம் போன்றவற்றை அடையாளம் காண்பது கொஞ்சம்தான் கடினமாகும், முகத்தை அடையாளம் காண்பதோ மிகவும் கடினமாகிவிடும் என்று 1969-இல் ராபர்ட் யின் காட்டியிருந்தார். கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி, மூக்குக்கும் வாய்க்கும் உள்ள அளவு என எல்லாவற்றையும் மூளை ஒரே மூச்சில் முழுதாக வாங்கிக்கொள்கிறது. தலைகீழானால் அந்த முழுமை குலைகிறது. லாங்டெல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அவர்களுடைய வகுப்புத் தோழர்களின் படங்களைப் பகுதி பகுதியாகக் காட்டினார். மற்றப் பிள்ளைகள் கண் பகுதியைக் கொண்டு ஆளைச் சொல்ல, இவர்கள் வாயும் மோவாயும் தெரிந்தபோது நன்றாகச் சொன்னார்கள். மூத்த பிள்ளைகள் தலைகீழ்ப் படங்களிலும் அவ்வளவாகத் தடுமாறவில்லை. முகத்தை வேறு ஒரு வழியாக அவர்கள் படிக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2002-இல் அமி கிளின், வாரன் ஜோன்ஸ் குழுவினர் திரைப்படக் காட்சிகளை ஓடவிட்டு, பார்ப்பவரின் பார்வை எங்கே விழுகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். பிறர் நடிகர்களின் கண்களைப் பார்த்த நேரத்தில், ஆட்டிச நிலையாளர்களின் பார்வை வாயிலும் உடலிலும் அறையிலிருந்த பொருள்களிலும் விழுந்தது. இன்னொரு சான்று ஒரு சிறுவனைப் பற்றியது. மூளையில் முகங்களுக்கென்றே துடிப்பாக இயங்கும் பகுதிக்கு 1997-இல் நான்சி கான்விஷரும் உடன் ஆய்ந்தவர்களும் தனிப் பெயர் கொடுத்திருந்தனர். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்கு அந்தப் பகுதி மனித முகங்களுக்குச் சரிவர இயங்கவில்லை. அவன் உயிராய் நேசித்த டிஜிமான் கார்ட்டூன் உருவங்களுக்கு இயங்கியது. 2005-இல் வெளியான இந்த ஆய்வு ஒரே சிறுவனைப் பற்றியதுதான். ஆனாலும் அந்த இடம் பழுதாகிக் கிடக்கவில்லை, அவன் அன்பு எங்கே போயிற்றோ அங்கே அதுவும் போயிருந்தது என்று அது காட்டியது. பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி இது.

முகம் படிப்பதில் உள்ள இந்த வேறுபாட்டின் காரணம் குறித்து இரு கருத்துகள் உள்ளன. கைக்குழந்தைப் பருவத்தில் கண்களைப் பார்ப்பது குறைவதால் முகம் படிக்கும் பயிற்சி கிடைக்காமல் போகிறது என்பது ஒன்று. பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகள் தொடக்கத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்தார்கள், இரண்டாம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் அது சரியத் தொடங்கியது என்று ஜோன்சும் கிளினும் 2013-இல் கண்டது இதற்கு வலுச் சேர்க்கிறது. முழுமையைவிடக் கூறுகளில் ஊன்றும் பார்வையே காரணம் என்பது மற்றொன்று; அது உளவியலாளர் உட்டா ஃபிரித்தின் வழிவந்த கருத்து. எந்த ஒன்றும் தனித்து எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சிக்கல் பெரும்பாலும் நினைவில் இருப்பதாகச் சொன்னது. இரண்டு படங்களை அருகருகே வைத்தால் ஆட்டிச நிலையாளர் பலரும் பொருத்திவிடுகிறார்கள். ஒன்றை எடுத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்டால் தடுமாறுகிறார்கள்.

இங்கே மூன்று செய்திகள் அடிக்கடி குழம்பிப் போகின்றன. கண் பார்த்துப் பேசாதது ஒன்று. எதிராளி கோபமாக இருக்கிறாரா வருத்தமாக இருக்கிறாரா என்று முகக்குறிப்பை அறியாதது இன்னொன்று. ஆள் யார் என்றே தெரியாதது மூன்றாவது. கண் பார்த்துப் பேசப் பழக்கிவிட்டால் முகம் நினைவில் நின்றுவிடும் என்று நம்பிக் குழந்தையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்துவோர் உண்டு. அதனால் குழந்தைக்கு வேதனைதான் மிஞ்சும்.

அடையாளங்கள் அழியும் ஊர்

முகம் கைகொடுக்காதவர்கள் மற்றவற்றைப் பற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். தலைமுடி முதல் துணை. பிறகு தாடி மீசை, கண்ணாடி, உடை, நடை, குரல், வழக்கமாக உட்காரும் இடம். பள்ளியில் மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவன் இன்னான் என்று தெரியும். அவனே கடைவீதியில் எதிர்ப்பட்டால் தெரியாது.

இந்தத் துணைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கைவிட்டுப் போகும் இடம் கோயில் ஊர். திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவை எண்ணிப் பார்க்கலாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் ஒரே திசையில் நடக்கிறார்கள். விளக்கொளியில் எல்லோர் நெற்றியிலும் திருநீறு, காலில் செருப்பு இல்லை. முடி காணிக்கை கொடுத்தவர் மொட்டையாகத் திரும்பிவருகிறார். காலையில் சுருட்டை முடியோடு இருந்த அப்பாவை மாலையில் காணோம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், அவனைப் பொறுத்தவரை அது உண்மை. பத்து நாள் தீபத் திருவிழா இன்னும் கடினமான காலம். கார்த்திகை முதல் நாளே ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுவிடுவதால், தீபத்தன்று கறுப்பு வேட்டியும் தாடியுமாக ஒரே கோலத்தில் பல்லாயிரம் பேர் கூட்டத்தில் இருப்பார்கள். பாதையோரத்துச் சாதுக்களும் காவியிலும் சடையிலும் ஒருவரைப்போல் ஒருவர். நடையும் குரலும் மிஞ்சும். குரலையும் ஒலிபெருக்கி விழுங்கிவிடும்.

அந்த ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு ஓர் உண்மை புரியும். பச்சைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கையில் கறுப்புக் கயிறு என்றுதான் தொலைந்த பிள்ளையை அறிவிக்கிறார்கள். முகத்தைச் சொல்லால் வரைய எவராலும் முடிவதில்லை. தெய்வத் திருமேனிகளையும் நாம் இப்படித்தான் அறிகிறோம். மாடவீதியில் பஞ்சமூர்த்திகள் உலா வரும்போது மூஷிகத்தையும் மயிலையும் வேலையும் கண்டு இன்னார் என்று கைகூப்புகிறோம். கையிலுள்ளதையும் வாகனத்தையும் கொண்டு ஆளை அறியும் வழக்கம் சிற்ப மரபில் காலங்காலமாக இருக்கிறது. முகமறியாமை உள்ளவர் நாள்தோறும் செய்வது அதையேதான். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

தீபத் திருவிழாவில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் கட்டிவிடுவது உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வருபவர்கள் வயதைப் பார்க்காமல் இதைக் கேட்டு வாங்கிக் கட்டலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தேவைப்படலாம். கூட்டத்தில் வேறு யாரிடமும் இருக்க முடியாத ஒரு துணியை, சொந்தமாகத் தைத்த ஒரு தொப்பியையோ துண்டையோ, வழிநெடுக அணிந்திருப்பது பயன் தரும். பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் வரிசையாக உள்ளன. முகங்கள் மாறினாலும் அவை இடம் மாறுவதில்லை. பிரிந்தால் எந்த லிங்கத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே, படம் காட்டிப் பழக்கிவிடலாம். எஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் வழிதவறிப் போவதைக் கருவாகக் கொண்டது. தொலைந்த பிள்ளையின் பக்கம் நின்று பார்க்க விரும்புவோர் அதைப் படிக்கலாம்.

சோதனையும் சட்டமும்

பிராட் டுஷேன், கென் நாகயாமா இருவரும் 2006-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. அதிலுள்ள முகங்கள் மேலைநாட்டு இளைஞர்களுடையவை. தாம் பார்த்துப் பழகிய இனத்தாரின் முகங்களையே மனிதர் நன்றாக அறிவர் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து நம் ஊர்ப்பக்கம் செங்கத்திலோ ஆரணியிலோ வளர்ந்த பிள்ளையை எடைபோடுவது சரியாகாது. நம் முகங்களைக் கொண்ட சோதனை வேண்டும்.

ஆட்டிசத்துக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளிக்கின்றன. முகமறியாமை அந்தப் பட்டியலில் தனியே இல்லை. ஆட்டிசத்தை அளவிடுவதற்கு 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவுகோல் உள்ளது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள தேசியப் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் மதிப்பீடும் பயிற்சியும் அளிக்கிறது. முகமறியாமையைப் போக்கும் மருந்து கிடையாது. பயிற்சியால் சிலர் சற்று முன்னேறுகிறார்கள். பெரும்பாலோருக்கு உதவுவது சுற்றியிருப்பவர்களின் பழக்கம் மாறுவதுதான்.

உறவினர் செய்யக்கூடியது

கல்யாண வீட்டில் பிள்ளையை இழுத்து நிறுத்தி, "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்?" என்று கேட்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். முகம் மறந்த பிள்ளைக்கு அது பலர் முன்னிலையில் வைக்கும் தேர்வு. விழித்து நின்றால் திமிர் என்பார்கள், பெற்றவள் வளர்த்த விதம் என்பார்கள். தெருவில் பேசாமல் போனால், கண்டும் காணாமல் போகிறான் என்ற பழி சேரும். அவன் கண்டது உண்மை. அறியவில்லை என்பதும் உண்மை. ஒரு வகையில் தமிழ் அவனுக்குத் துணை நிற்கிறது. பெயர் தெரியாமலே அண்ணே, அக்கா, மாமா என்று அழைத்துப் பேச்சை நகர்த்திவிடலாம். வளர்ந்தவர்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் அதைச் செய்வதற்குள் அவர்கள் படும் பதற்றம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எனவே முகம் அறிந்தவர் முந்திக்கொள்ள வேண்டும். "போளூர் பெரியப்பா வந்திருக்கேன்டா" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். மொட்டை போட்டாலும் தாடி எடுத்தாலும் வீட்டுக்குள் நுழையுமுன் குரல் கொடுங்கள். பள்ளி ஆசிரியர்கள் முதல் மாதமேனும் பெயர்ப் பட்டை அணியட்டும்.