முட்டி மாற்றின கதை: எலும்பா, நாரா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில காலையில நடக்குற பெரியவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? மூட்டு தேய்ஞ்ச பலருக்குக் கால் வில்லு மாதிரி வெளியே வளைஞ்சிருக்கும். சிலருக்கு நேர்மாறா, ரெண்டு முட்டியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். இந்த ரெண்டாவது வகை மருத்துவர்களை ரொம்பவே யோசிக்க வெச்சது.

1890-ல் பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக், காசநோய் அரித்த முட்டிக்கு யானைத் தந்தத்தில் கீல் செய்து பொருத்தினார். கிருமித்தொற்றால் அது நிலைக்கலை. பின்னால் வந்த உலோக முட்டிகளும் ரொம்ப நாள் கதவுக் கீல் மாதிரிதான். கீலே காலைப் பிடிச்சுக்கும். நாரைப் பற்றிக் கவலை இல்லை. ஆனா நிஜ முட்டி மடங்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும். கீல் திரும்பாது. அந்த இழுவை எலும்பில் இறங்கி, பொருத்தின இடமே தளர்ந்துடும்.

1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் குழுவோட 'டோட்டல் காண்டிலர்' முட்டி வந்தது. கீல் கிடையாது. இருபக்கமும் தாங்குறது நோயாளியோட சொந்த நார்கள்தான். சிக்கலும் அங்கேதான்.

பந்தக்காலை நினைச்சுக்கோங்க. ஒரு பக்கக் கயிறு விறைப்பா, மறுபக்கம் தொளதொளன்னு இருந்தா கால் சாயும். முட்டி இடிக்கும் காலில் வெளிப்பக்க நார் சுருங்கியிருக்கும், உள்பக்க நார் தளர்ந்திருக்கும். எலும்பை எவ்வளவு நேரா வெட்டினாலும் போதாது. காலை நீட்டினாலும் மடக்கினாலும் இருபக்க இடைவெளி சமமா இருக்கணும்.

வெளிப்பக்க நார்களை மொத்தமா விடுவிச்சா கால் நேராகும்; ஆனா முட்டி ஆட்டம் காணலாம். ரணாவத் குழு 2005-ல் எழுதிய வழி வேற. மூட்டுக்கு உள்ளேயிருந்து சின்னச் சின்னக் கீறல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா இளக்கி, இளக்க இளக்கச் சோதிக்கிறது. பக்கத்துலயே பாதத்தைத் தூக்குற நரம்பு ஓடுது. அது பழுதானா பாதம் தொங்கிடும்.

இந்த ரணாவத், மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். 2000-லும் 2001-லும் மும்பையில் பிரதமர் வாஜ்பாயின் ரெண்டு முட்டியையும் மாற்றியவர் அவர்தான்.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கின ஊர் நம்ம ஊர். இன்றைய ஜிப்மரின் வேர் அது. உங்க ஆயாவுக்கு முட்டி மாற்றணும்னு சொன்னா, 'எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்கு?'ன்னு மட்டும் கேட்காதீங்க. 'நார் எப்படி இருக்கு டாக்டர்?'னும் கேளுங்க.